சில்லு வேறு, காசு வேறு

நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுக் காலை நூற்றுக்கணக்கானவர்களோடு தொடங்கிய போக்கர் போட்டியில் மிஞ்சியவர்கள் இந்த நால்வர்தான். பரிசு மூன்று பேருக்கு மட்டும். நால்வர் முன்னாலும் ஒரே உயரத்துக்குச் சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சீட்டுப் போட்டாகிவிட்டது. முதல் இருவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்துகொள்கிறார்கள். மூன்றாமவர் தன் சீட்டை எடுத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு கைகளாலும் தன் சில்லுகள் அத்தனையையும் நடுவே தள்ளிவிடுகிறார்.

நான்காமவருக்கு இதுதான் பிழைப்பு. பல வருடங்களாகப் போட்டிப் போக்கர் ஆடிச் சாப்பிடுகிறவர். சீட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பார்க்கிறார். இஸ்பேட் ஆஸ், ஆர்ட்டின் ராணி. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்பது எதிராளிக்கே தெரியாது. அப்படிக் குருட்டாம்போக்கில் வரும் எந்த இரண்டு சீட்டை எதிர்த்தும் ஆஸ்–ராணி 100-க்கு 64 தடவை ஜெயிக்கும். இந்த எண் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. ஜெயித்தால் அவருடைய சில்லுகள் இரட்டிப்பாகும்.

சிறிது நேரம் யோசிக்கிறார். பிறகு சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்.

திண்ணையில் ரம்மி ஆடிப் பழகியவர்களுக்குக்கூட இதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. நூற்றுக்கு அறுபத்து நாலு கையில் இருக்கிறதே! பயந்துவிட்டாரா? இல்லை. அவர் செய்ததுதான் சரி. ஏன் சரி என்று ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதைப் போட்டு முடிக்கும்போது தொழில்முறை ஆட்டக்காரரின் தலைக்குள் எந்த வகையான சிந்தனை ஓடுகிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

ஆட்டம் இவ்வளவுதான்

போக்கரில் பல வகை உண்டு. இன்று உலகப் போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து யாருடையது உயர்ந்ததோ அவருக்கே நடுவில் குவிந்த சில்லுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னாலும், கடைசிச் சீட்டுக்குப் பிறகும் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், அடுத்தவர் வைத்ததற்குச் சமமாக வைத்துத் தொடரலாம். தொடர வேண்டாம் என்றால் கவிழ்த்துவிடலாம். சமமாக வைப்பதை இந்த அத்தியாயத்தில் ‘ஈடு வைத்தல்’ என்று சொல்லப் போகிறேன்.

ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே ஒரு சிறு தொகையைக் கட்டாயமாக வைக்க வேண்டும். அந்தத் தொகை நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். அதனால் நல்ல சீட்டு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது. காத்திருப்பவரின் அடுக்கு மெழுகுவர்த்தி போலக் கரையும்.

விதிகளைப் பொறுத்தவரை நமக்கு இது போதும். போட்டிப் போக்கர் மற்ற சூதாட்டங்களிலிருந்து விலகும் இடம் சீட்டில் இல்லை, சில்லில் இருக்கிறது.

எல்லாச் சில்லும் ஒருவருக்கு, எல்லாப் பணமும் இல்லை

லாஸ் வேகஸில் 1970-இல் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதியில் பென்னி பினியன் தொடங்கிய உலகப் போக்கர் தொடர் இன்றும் நடக்கிறது. அதன் தலைமைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கட்டினால் இப்போதெல்லாம் 60,000 சில்லுகள் தருகிறார்கள். பத்தாயிரம் கொடுத்தால் அறுபதாயிரமா என்று கேட்கத் தோன்றும். இந்தச் சில்லைக் கடையிலும் மாற்ற முடியாது, விடுதியின் கவுண்டரிலும் மாற்ற முடியாது. பாதியில் எழுந்து, இதுவரை ஜெயித்ததைக் கொடுங்கள் என்று கேட்கவும் முடியாது. போட்டியில் எவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தோம் என்பதை மட்டும் பார்த்துப் பணம் கிடைக்கும்.

2023 போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 10,043 பேர் கலந்துகொண்டார்கள். பரிசுத்தொகை மொத்தம் சுமார் 9.34 கோடி டாலர். கடைசியில் அரங்கில் இருந்த 60 கோடிச் சில்லும் ஒரே மனிதர் முன்னால் குவிந்தது. முதல் பரிசாக அவருக்குக் கிடைத்ததோ 1.21 கோடி டாலர். சில்லில் நூற்றுக்கு நூறு, பணத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று. மீதிப் பணம் அவருக்கு முன்னால் வெளியேறிய 1,506 பேருக்குப் படிப்படியாகப் பிரிந்து போயிற்று. 1,507-ஆவது இடத்தில் இருந்தவருக்கு 15,000 டாலர். அவருக்குச் சற்று முன்னால் வெளியேறியவருக்கு ஒன்றுமில்லை.

பரிசுக்கும் வெறுங்கைக்கும் நடுவிலுள்ள அந்த எல்லையைக் ‘குமிழி’ என்பார்கள். எல்லை நெருங்கியதும் எல்லா மேசைகளிலும் ஒவ்வொரு கையையும் ஒரே நேரத்தில் தொடங்கி, எல்லா மேசைகளிலும் முடிந்த பிறகே அடுத்த கைக்குச் சீட்டுப் போடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மேசையில் யாராவது தோற்று வெளியேறட்டும் என்று மெதுவாக ஆடி நேரத்தை ஓட்ட எல்லோருக்கும் ஆசை வரும். எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதற்கும் இங்கே ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

குடத்துக்குள் கை

இப்போது நம் நால்வரிடம் திரும்புவோம். பரிசு முதலாமவருக்கு 50,000 டாலர், இரண்டாமவருக்கு 30,000, மூன்றாமவருக்கு 20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லட்சம். நால்வரிடமும் சமமான சில்லு. யாருக்கும் யாரைவிடவும் கூடுதல் திறமை இல்லை என்றால் ஒவ்வொருவருடைய நிலைமையும் சராசரியாக 25,000 டாலர் பெறும். யாரும் இன்னும் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனாலும், ஒருவருடைய நாற்காலியை விலைக்குக் கேட்டால் நியாயமான விலை அதுதான்.

நம் ஆட்டக்காரர் துணிந்து ஈடு வைத்து ஜெயித்தும் விட்டார் என்றால், அந்த நாற்காலியின் விலை என்ன ஆகும்? இரட்டிப்பு, 50,000 என்றுதான் மனம் உடனே சொல்லும். ஆனால் 50,000 என்பது முதல் பரிசு முழுவதும். இன்னும் இருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது முதல் பரிசே உறுதியாகிவிட்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

இதைக் கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-இல் வேறு ஒரு கேள்விக்கு விடை தேடினார். குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் முதலில் வரும் வாய்ப்பு தெரிந்திருந்தால் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கான வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே வழியை மேசன் மால்மத் என்பவர் 1987-இல் போக்கருக்குக் கொண்டுவந்தார். இதைச் ‘சில்லு மாற்றுக் கணக்கு’ என்று அழைக்கலாம்.

நம் ஊர்க் குடவோலை தெரிந்தவர்களுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். ஒவ்வொருவர் பெயரிலும் அவரிடம் இருக்கும் சில்லுக்கு ஏற்ப ஓலைகளை எழுதிக் குடத்தில் போடுங்கள். குலுக்கி ஒன்றை எடுங்கள். அந்தப் பெயர்தான் முதலிடம். அவருடைய ஓலைகளையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி ஒன்றை எடுங்கள். அது இரண்டாமிடம். அதிகச் சில்லு வைத்திருப்பவர் முன்னால் வரவே வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி கிடையாது. அடுக்குக்கும் இடத்துக்கும் உள்ள உறவை இதற்கு மேல் எளிமையாக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நம்மவர் ஜெயித்த பிறகு மேசையில் மூவர். அவர் பெயரில் இரண்டு ஓலை. மற்ற இருவருக்கும் ஆளுக்கொன்று. குடத்தில் நான்கில் இரண்டு அவருடையது, ஆகவே பாதித் தடவை அவர் முதலிடம். மீதிப் பாதியில் வேறொருவர் முதலில் வந்து விலகிவிடுகிறார். அப்போது குடத்தில் மூன்று ஓலை, அதில் இரண்டு இவருடையவை. அந்தத் தடவைகளில் மூன்றுக்கு இரண்டு முறை இரண்டாமிடம் இவருக்கு. கூட்டிப் பார்த்தால் ஆறு தடவை ஆடினால் மூன்று தடவை முதலிடம், இரண்டு தடவை இரண்டாமிடம், ஒரு தடவை மூன்றாமிடம்.

பணமாக்குவோம். மூன்று முதல் பரிசு 1,50,000. இரண்டு இரண்டாம் பரிசு 60,000. ஒரு மூன்றாம் பரிசு 20,000. ஆறு தடவைக்கு மொத்தம் 2,30,000 டாலர். ஒரு தடவைக்கு 38,333.

சில்லு இரட்டிப்பாயிற்று. நாற்காலியின் விலை 25,000-இலிருந்து 38,333-க்குத்தான் ஏறியது.

இனி ஆஸ்–ராணியை எடைபோடலாம். இதே நிலைமை ஆயிரம் தடவை வருகிறது என்று கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தால் அவர் கையில் 25,000 வீதம் இரண்டரைக் கோடி டாலர் மதிப்பு நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஈடு வைத்தால், துல்லியமாகச் சொல்வதானால் ஏறக்குறைய 644 தடவை ஜெயிப்பார். மீதி 356 தடவை நான்காவது ஆளாக வெறுங்கையோடு வெளியேறுவார். 644-ஐ 38,333-ஆல் பெருக்கினால் சுமார் 2 கோடியே 46 லட்சத்து 86 ஆயிரம். இரண்டரைக் கோடிக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் குறைகிறது. ஆயிரத்துக்கு 652 தடவையாவது ஜெயித்தால்தான் ஈடு வைப்பது கட்டுப்படியாகும். 644 போதாது.

கட்டாயப் பந்தயமாக ஏற்கெனவே நடுவில் கிடக்கும் சில்லை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் எல்லைக்கோடு சற்றுக் கீழே இறங்கும். கட்டாயப் பந்தயம் பெரிதாக இருந்தால் இதே ஆஸ்–ராணி ஈடு வைக்கத் தகுந்த சீட்டாகிவிடும். அடுக்கோடு ஒப்பிட்டால் அது சிறிது என்று நம்பித்தான் நம்மவர் கவிழ்த்தார்.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இன்னும் வரவில்லை. இருவர் மோதிக்கொண்டால், மோதலுக்கு முன்னால் அவர்கள் இருவருடைய நாற்காலியும் சேர்ந்து 50,000 டாலர். மோதலுக்குப் பின்னால் ஒருவர் 38,333, மற்றவர் பூஜ்யம். 11,667 டாலர் எங்கே போயிற்று? சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்த இருவரிடம்! ஆளுக்கு 5,833 டாலர் அவர்களுடைய நாற்காலிக்குக் கூடிவிட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை எண்களில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். பெரிய போட்டிகளில் குமிழி நெருங்கும்போது பழுத்த ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் முட்டாமல் ஒதுங்கிப் போவதை வேடிக்கை பார்ப்பவர்கள் கோழைத்தனம் என்று நினைப்பார்கள். அவர்கள் பக்கத்து நாற்காலிக்காரருக்கு இனாம் கொடுக்க மறுக்கிறார்கள்.

தள்ளுகிறவருக்கு ஒரு நியாயம், தடுக்கிறவருக்கு ஒரு நியாயம்

அப்படியானால் சீட்டைப் பார்க்காமலே தள்ளியவர் முட்டாளா?

52 சீட்டில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1,326 சேர்க்கைகள் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார் என்று தெரிந்த பிறகும், 65.2 என்ற கோட்டைத் தாண்டும் சீட்டுகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். ஏழு ஜோடியிலிருந்து ஆஸ் ஜோடி வரை எட்டு வகை ஜோடி, வகைக்கு ஆறு, ஆக 48. ஆஸ்–ராஜா எந்த இனமானாலும் 16. ஆஸ்–ராணியும் ஆஸ்–ஜாக்கியும் ஒரே இனமாக இருந்தால் மட்டும், நாலும் நாலும் எட்டு. மொத்தம் 72. பதினெட்டுக்கு ஒரு தடவைதான் நம்மவரால் எதிர்த்து நிற்க முடியும்! மற்றப் பதினேழு தடவையும் தள்ளியவர் நடுவில் கிடந்த கட்டாயச் சில்லை மோதாமலே அள்ளிக்கொள்வார்.

முதலில் தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி கவிழ்த்துவிடலாம், அல்லது கவிழ்க்காமல் மோதித் தோற்கலாம். ஈடு வைக்கிறவருக்கு ஒரே வழி, சீட்டு நல்லதாக இருக்க வேண்டும். அதனால் ஈடு வைக்க வேண்டிய சீட்டு, தள்ள வேண்டிய சீட்டைவிட ஒரு படி உசத்தியாக இருக்க வேண்டும். டேவிட் ஸ்க்ளான்ஸ்கி என்ற போக்கர் எழுத்தாளர் இதை ‘இடைவெளி’ என்று பெயரிட்டு விளக்கினார். சாதாரணப் பண ஆட்டத்திலும் இடைவெளி உண்டு. குமிழியில் அது அகழியாகிவிடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தாமாகத் தள்ளப் பயப்படுகிறார்கள். அடுத்தவர் தள்ளினால் மட்டும், பொய்யாகத்தான் இருக்கும் என்று ஈடு வைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தர்க்கத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனால் மனம் ஏற்க மறுக்கும் ஓர் இடத்துக்கு வந்துசேர்வோம். சில போட்டிகளில் பரிசு பணமில்லை, பெரிய போட்டிக்கான நுழைவுச்சீட்டு. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 2003-இல் இப்படி ஓர் இணையப் போட்டியில் நுழைவுச்சீட்டை வென்றுதான் உலகத் தொடருக்கே போனார். 839 பேரைக் கொண்ட அந்தத் தலைமைப் போட்டியில் முதலிடம் பிடித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்து குவிந்தார்கள்.

அப்படி ஒரு போட்டியில் பத்து நுழைவுச்சீட்டு, பதினோரு பேர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நுழைவுச்சீட்டும் ஒரே மதிப்பு. அதிகச் சில்லோடு முடித்தாலும் ஒற்றைச் சில்லோடு முடித்தாலும் கிடைப்பது ஒன்றுதான். உங்களிடம் தாராளமாக இருக்கிறது. மூலையில் ஒருவர் கடைசிச் சில்லோடு தவிக்கிறார். அப்போது உங்களுக்கு இணையாக வைத்திருப்பவர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். உங்கள் கையில் ஆஸ் ஜோடி, ஆட்டத்திலேயே உயர்ந்த சீட்டு. குருட்டுச் சீட்டை எதிர்த்து நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். ஆனால் சும்மா இருந்தாலே நுழைவுச்சீட்டு ஏறக்குறைய உறுதி. அதை விட்டு நூற்றுக்குப் பதினைந்து தடவை தெருவுக்கு வர எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும்? ஆஸ் ஜோடியைக் கவிழ்க்க வேண்டியதுதான். கை நடுங்கத்தான் செய்யும்.

அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்

இதுவரை எதிராளி சீட்டைப் பார்க்காதவர் என்று வைத்துக்கொண்டோம். நடைமுறையில் எல்லோரும் பார்க்கத்தான் செய்வார்கள். அங்கேதான் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் நமக்கும் அடுத்த வித்தியாசம்.

நாம் எதிராளியின் முகத்தைப் பார்த்து, இவரிடம் ராஜா ஜோடி இருக்கிறது என்று ஒரே சீட்டை ஊகிக்கப் பார்ப்போம். திரைப்படங்களில் வரும் போக்கர் முழுக்க இந்த மாதிரிதான். தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு சீட்டை ஊகிப்பதில்லை. இந்த ஆள், இந்த இடத்தில் உட்கார்ந்து, இவ்வளவு சில்லு வைத்துக்கொண்டு, எந்தெந்தச் சீட்டுகளோடெல்லாம் இப்படித் தள்ளுவார் என்று முழுப் பட்டியலையும் மனதில் விரிக்கிறார். இதற்கு ‘வீச்சு’ என்று பெயர் வைப்போம்.

உதாரணமாக, மிகவும் கட்டுப்பாடான ஒருவர். ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஆஸ்–ராஜா, இந்த மூன்றில் ஒன்று வந்தால் மட்டும் தள்ளுவார். மூன்றில் இரண்டு ஜோடிகள் என்பதால் ஜோடி இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படி இல்லை. நான்கு ஆஸில் இரண்டைப் பொறுக்க ஆறு வழி. ராஜாவுக்கும் ஆறு. ஆஸ்–ராஜாவுக்கோ நான்கு ஆஸ், நான்கு ராஜா, பதினாறு வழி. 28-இல் 16 தடவை அவரிடம் ஆஸ்–ராஜாதான்.

உங்களிடம் ராணி ஜோடி இருந்தால்? ஆஸ்–ராஜாவை எதிர்த்து நூற்றுக்குச் சுமார் 56 தடவை ஜெயிக்கும். உயர்ந்த ஜோடி இரண்டையும் எதிர்த்து 18 தடவைதான். மேலே எண்ணிய கணக்குப்படி இவற்றைக் கலந்தால் 40 வருகிறது. சீட்டைப் பார்க்காமல் தள்ளுகிறவரை எதிர்த்து இதே ராணி ஜோடி 80 தடவை ஜெயிக்கும். சீட்டு அதேதான். எதிரே இருப்பவர் மாறினார், எண் பாதியாயிற்று.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. உங்கள் கையில் ஓர் ஆஸ் இருந்தால் எதிராளிக்கு மிஞ்சியது மூன்று ஆஸ்தான். அவரிடம் ஆஸ் ஜோடி இருக்க ஆறு வழி இருந்தது, இப்போது மூன்றே வழி. உங்கள் சீட்டு உங்களுக்கு உதவுவதோடு நிற்கவில்லை, அவருடைய வீச்சிலும் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. ரம்மியில் நமக்கு வேண்டிய சீட்டு ஏற்கெனவே இறங்கிவிட்டதா என்று நினைவில் வைத்துக்கொள்கிறோமே, அந்த அறிவுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

கணக்குக்குத் தெரியாதவை

குடவோலைக் கணக்கு அழகானது, ஆனால் அதற்குப் பார்வை குறைவு. எல்லோருக்கும் ஒரே திறமை என்று அது நம்புகிறது. அடுத்த கையில் கட்டாயப் பந்தயம் யார் தலையில் விழப்போகிறது என்று அதற்குத் தெரியாது. பெரிய அடுக்கு வைத்திருப்பவர் அடுத்த ஒரு மணி நேரம் மற்றவர்களை எப்படி மிரட்டப் போகிறார் என்பதையும் அது எண்ணுவதில்லை. அதனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதன் விடையை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. அங்கிருந்து தொடங்கி, மேசையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுகிறார்கள், கொஞ்சம் குறைக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கும் அனுபவமும் ஒன்றாகவே பேசுகின்றன. முதல் சில்லைவிடக் கடைசிச் சில்லுக்கு மதிப்பு அதிகம். 1982 உலகத் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக நினைத்து எழப்போனவர், மேசையில் தப்பிக் கிடந்த ஒரு 500 சில்லைக் கண்டார் என்று போக்கர் உலகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஒன்றிலிருந்து மீண்டு, 104 பேர் கலந்துகொண்ட போட்டியை வென்று 5,20,000 டாலர் வாங்கினார்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது எனக்கு ஒரு கவலையும் வருகிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. கணக்குத் தெரிந்தால் பணம் கொட்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. 2023 போட்டியில் நூற்றுக்கு 85 பேர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள், அவர்களில் மிகச் சிறந்தவர்களும் இருந்தார்கள். கற்றுத் தேர்ந்தவர்களே மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டிருப்பார்கள். அதைத் தாங்கும் அளவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு, போதாததற்குத் தங்கள் ஆட்டத்தில் பங்கு விற்று ஆபத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் சம்பளப் பணத்தைக் கைப்பேசி ரம்மியில் தொலைத்த குடும்பங்களின் துயரம் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்த அத்தியாயத்தின் கணக்கை ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், புளியங்கொட்டையை வைத்தே முழுதாகக் கற்றுக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் இல்லாத பத்தி

மரியா கொன்னிகோவா உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பத்திரிகை எழுத்தாளர். போக்கர் அறவே தெரியாதவராக இருந்தார். மனித வாழ்வில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று ஆராய விரும்பி, போக்கர் ஆட்டக்காரர் எரிக் சைடலிடம் போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னார். 2018 ஜனவரியில் பகாமாஸில் ஒரு போட்டியை வென்று 84,600 டாலர் வாங்கினார். 2020-இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார்.

அவர் தேர்ந்தெடுத்த ஆசிரியரும் கவனிக்க வேண்டியவர். சைடல் 1988 தலைமைப் போட்டியின் கடைசிக் கையில் ஜானி சானிடம் தோற்றவர். அந்தத் தோல்வி 1998-இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ திரைப்படத்தில் இடம்பெற்றதால், பலருக்கு அவர் அந்த ஒரு கையில் தோற்ற மனிதராகவே அறிமுகம். உலகத் தொடரில் வெற்றியாளருக்குத் தரும் தங்கக் காப்பை அவர் பத்துத் தடவை வாங்கியிருக்கிறார் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது.

நல்ல சீட்டு வைத்தும் கடைசிச் சீட்டில் துரதிர்ஷ்டவசமாகத் தோற்றேன் என்று கொன்னிகோவா புலம்பியபோது சைடல் அதைக் கேட்க விரும்பவில்லை. எப்படி முடிந்தது என்பது அவருக்குத் தேவையில்லை, எப்படி யோசித்தாய் என்பதுதான் தேவை. ஆனி டியூக் என்ற ஆட்டக்காரரும் 2018-இல் எழுதிய நூலில் இதையே பேசுகிறார். அவரும் உளவியல் படித்தவர். நல்ல தீர்மானத்துக்குக் கெட்ட விளைவு வரலாம், கெட்ட தீர்மானத்துக்கு நல்ல விளைவும் வரலாம். விளைவைக் கொண்டு தீர்மானத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கம்தான் கற்றலுக்குப் பெரிய தடை என்கிறார். நூற்றுக்கு 36 தடவை தோற்கும் சீட்டு இன்றைக்குத் தோற்றது என்றால் அதிலிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆனால் எல்லாம் அதிர்ஷ்டம் மட்டும்தான் என்றால் டான் ஹாரிங்டன் என்ற ஆட்டக்காரரை விளக்க முடியாது. 1995-இல் உலகத் தொடரை வென்றவர். 2003-இல் 839 பேரில் மூன்றாவதாக வந்தார். 2004-இல் 2,576 பேரில் நான்காவதாக வந்தார்.

விளைவைவிட யோசித்த விதமே முக்கியம் என்பதால், தீவிரமாகக் கற்கிறவர்கள் ஆடிய கைகளைக் குறித்துவைத்து நண்பர்களோடு அலசும்போது, கடைசியில் யார் ஜெயித்தார் என்பதைச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். சொல்லிவிட்டால் கேட்பவரின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எத்தனை பேர் மிச்சம், எத்தனை பேருக்குப் பரிசு, யாரிடம் எவ்வளவு சில்லு, எதிராளி இதற்கு முன் எப்படி ஆடினார், அவருடைய வீச்சு என்ன என்று எழுதுவார்கள். கையிலிருந்த சீட்டும் இருக்கும்.

நம் நான்காமவர் இடைவேளையில் எழுந்து போய் எழுதிய வரி இப்படித்தான் இருந்திருக்கும்: நால்வர், மூன்று பரிசு, சமச் சில்லு, பார்க்காமல் தள்ளினார், ஆஸ்–ராணி, கவிழ்த்தேன். எதிராளியின் சீட்டு என்னவாக இருந்தது என்று எழுத அந்தக் குறிப்பேட்டில் பத்தி இல்லை.